நாலு விரல் இடைவெளி

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி, மாமாவின் இருமல், சின்னவனின் பசி மூன்றும் எப்படி இருக்கின்றன? மூன்றாவது குறைந்திருக்காது என்று தெரியும்.

வேலை ஒருவழியாகப் பழகிவிட்டது. கட்டடங்களுக்கு வரைபடம் போடும் இந்த ஆபீசில் குனிந்த தலை நிமிராமல் கோடு கிழிக்கிறோம். ஒரு பெரிய கடைக் கட்டடத்தில் தரைக்குக் கீழே வரும் தளத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நகராட்சியில் ஒரு விதி உண்டு. இத்தனை சதுர அடிக்குக் கடை கட்டினால் இத்தனை கார் நிற்க உள்ளேயே இடம் விட வேண்டும். சரக்கு லாரியும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. கட்டடத்துக்குள்ளேயே வந்து இறக்கிவிட்டுப் போக வேண்டும். மாமா வாசலில் லாரியை நிறுத்திவிட்டுத் தூங்கும்போது எதிர்வீட்டுக்காரர் கத்துவாரே, அவர் எழுதிய விதியோ என்னவோ.

லாரி ஒரு சரிவில் இறங்கி உள்ளே வரும். அந்தக் கூரை எவ்வளவு உயரம் என்பதில்தான் இழுபறி. உயரம் கூடினால் ஆழமாகத் தோண்ட வேண்டும், கட்டட உரிமையாளருக்கு நெஞ்சு அடைக்கிறது. விதியில் உள்ள உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள அதிகாரி சம்மதிப்பார். ஆனால் வரப்போகும் லாரி எவ்வளவு உயரம் என்று நாங்கள் காட்ட வேண்டும். மாமா ஓட்டுவது மாதிரி, நாலு பக்கமும் மூடித் தகரக் கூரை போட்ட கூண்டு லாரிதான் அங்கே வரும். மாமாவை அளந்து சொல்லச் சொல். காலி வண்டியை அளக்க வேண்டாம். பாரத்தோடுதானே உள்ளே வரப்போகிறது, பாரம் ஏற்றியே அளக்கட்டும்.

மாமாவைக் கேட்டதாகச் சொல். போன வருஷக் கோபம் எனக்கு இப்போது இல்லை.

உன் தம்பி

*

பிப்ரவரி 24

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. எல்லோரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை.

உன் கடிதத்தை உன் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உனக்குத் தெரியும். வருவதை வாசிப்பதும் அவர் சொல்வதை எழுதுவதும் என் பாடு. அவர் சொல்வதை அப்படியே எழுதினால் நீ இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாய். சாப்பாட்டு நேரத்தில் ஏதோ கேலி பேசினார் என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன் நீ, ஆறு மாதம் ஒரு வரி போடவில்லை. அன்றிலிருந்து பாதியை முழுங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நேற்று சரக்கு நிறைய ஏற்றி வந்து வாசலில் வைத்தே அளந்தார்கள். சின்னவன் கூண்டு மேல் ஏறிக் கயிற்றை விட்டான். அண்ணன் வண்டியில் கிளீனராகப் பத்து வருஷம் ஓட்டிவிட்டான், மீசையில் நரை எட்டிப் பார்க்கிறது, இன்னும் அவன் சின்னவன்தான். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது என் இடுப்பு உயரம் இருந்தவன். இப்போதும் ஒரு குழம்பில் உப்பு குறைந்தால் "அண்ணி, கோவமா?" என்று கேட்கிறான்.

பதினோரு அடி ஏழு அங்குலம். அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு மறுபடி அளந்தார்கள், அதேதான் வந்தது.

அளவு சொல்லி முடித்ததும் உன்னை இழுத்து ஒரு கேலி சொன்னார். சின்னவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அதையும் எழுது, விட்டுடாத" என்றார். சரி என்று தலையை ஆட்டிவைத்தேன். அது உனக்கு எதற்கு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மாமா கொடுத்த அளவு பலித்துவிட்டது. அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் கூரைக்கும் லாரிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டுத்தான் வரைந்தேன். கட்டட உரிமையாளர் ஆபீசுக்கே வந்து என் மேஜை மேல் கையை ஊன்றிக்கொண்டு, "லாரி என்ன தலையில கூடையா வச்சுக்கிட்டு வரப்போகுது? நாலு விரல் போதும்" என்றார். என் முதலாளி என்னைப் பார்த்தார். பாரம் ஏற்றிய வண்டியின் அளவு இது, இதற்கு மேல் அது எங்கே வளரப்போகிறது என்று எனக்கும் தோன்றியது. நாலு விரல் என்றே திருத்திக் கொடுத்தேன். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியாயிற்று, சம்பளமும் கூடும் போலிருக்கிறது.

கார் நிற்கும் இடங்களை வரைவது பொழுதுபோக்கு மாதிரி. காகிதத்தில் எல்லாக் காரும் ஒழுங்காக நிற்கிறது, ஒன்றும் ஹாரன் அடிப்பதில்லை. லாரி உள்ளேயே திரும்பிக்கொண்டு முகம் காட்டி வெளியேற வட்டமாக ஓர் இடமும் விட்டிருக்கிறேன்.

அது என்ன கேலி? எழுது. இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவதில்லை.

உன் தம்பி

*

மே 30

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் சுகம். கடிதம் போடத் தாமதமாகிவிட்டது, முழங்கால் என்னை ஒரு வாரம் படுக்கவைத்தது. சின்னவன்தான் சமைத்தான். அதைச் சாப்பிட்ட பிறகு முழங்கால் தானாகச் சரியாகிவிட்டது.

கேலியை நான் மறந்தே போனேன். அவரும் மறந்திருப்பார். உன் கடிதத்தை வாசிக்கும்போது அந்த வரி வந்ததும் தாண்டிவிட்டேன். தூங்குகிற நாயைத் தட்டி எழுப்புவானேன்? உனக்குக் கோபம் வராது என்று நீ சொல்கிறாய். உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான்.

உன் மாமாவைப் பிடிக்க முடியவில்லை. லாரி ஆபீசில் போகிறவன் வருகிறவனையெல்லாம் நிறுத்தி, "எல்லாரும் ஒடம்புக்கு அளவெடுத்து சட்டை தைப்பான். எங்க மாப்பிள்ளை என் வண்டிக்கு அளவெடுத்துக் கட்டடமே கட்டறான்" என்கிறார். உன்னை நேரில் இத்தனை கேலி பேசுகிறவர், நீ இல்லாத இடத்தில் உன்னைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்கிறார். இதையும் நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் அக்கா

*

நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும்.

கட்டடம் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் கடைகள் திறக்கின்றன. நேற்று கீழ்த்தளத்தைப் பார்க்கப் போயிருந்தேன். நான் கோடாகப் போட்டது சுவராக நிற்கும்போது உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. சரிவின் தலைமாட்டில் தீயணைக்கத் தண்ணீர் வரும் இரும்புக் குழாய் ஒன்று குறுக்கே தொங்குகிறது, ஆள் இடுப்பு கனம். அதன் அடியிலிருந்துதான் நம் நாலு விரல் கணக்கு.

ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. கார் இடங்கள் கணக்கில் குறைந்துவிட்டதாம். லாரி திரும்ப நான் விட்டிருந்த வட்டத்தில் வெள்ளைக் கோடு போட்டு அதையும் கார் இடமாக்கிவிட்டார்கள். "அப்ப லாரி எப்படித் திரும்பும்?" என்று கேட்டேன். "பின்னாலயே ஏறட்டும், டிரைவருக்குத் தெரியாதா?" என்றார் உரிமையாளர். முதலாளி என் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டார். நானும் அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

நல்ல செய்தி: முதல் சரக்கு மாமாவின் லாரி ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது. மாமாவே ஓட்டிவரட்டும். இரண்டு பேரும் என் அறையில் தங்கலாம்.

உன் தம்பி

*

நவம்பர் 20

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

இரண்டு பேரும் வருகிறார்கள். சின்னவன் புதுச் சட்டை எடுத்திருக்கிறான். "அண்ணி, வண்டிக்கு அளவெடுத்த கட்டடத்துக்கு அழுக்குச் சட்டையோட போனா மரியாதையா இருக்குமா?" என்கிறான். வண்டி பின்னால் வரும்போது இவன் கை காட்டாமல் உன் மாமா ஓர் அடி எடுக்கமாட்டார். தூக்கத்தில்கூட "வரட்டும், வரட்டும்" என்று கத்துகிறான்.

உன் மாமா உன்னைக் கேலி பேசினால் பொறுத்துக்கொள். வாயில்தான் விஷம், மனதில் கிடையாது. நடுவில் நான் இருக்கமாட்டேன், அதுதான் கவலை.

உன் அக்கா

*

டிசம்பர் 19

அக்கா,

என்ன எழுதித் தொடங்குவது என்று தெரியவில்லை. மாமா சொல்லியிருப்பார். நான் பார்த்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பாரத்தோடு இறங்கும்போது வண்டி குழாய்க்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனது. மாமா தலையை வெளியே நீட்டி, "மாப்பிள்ளை, தைச்ச சட்டை மாதிரி இருக்குடா" என்று கத்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீஸ் ஆட்களையும் அழைத்து வந்திருந்தேன். சரக்கு இறக்கி முடிக்க மத்தியானம் ஆயிற்று. திரும்ப இடமில்லாததால் வண்டி பின்னாலேயே சரிவில் ஏறியது. சின்னவன் குழாய்க்கு நேர் கீழே நின்று கை காட்டினான். அவன் பார்த்ததெல்லாம் சக்கரத்தை. கூண்டின் மேல் விளிம்பு குழாயில் இடித்துத் தள்ளியது, கொக்கிகள் பிடுங்கிக்கொண்டன. குழாய் அவன் மேல் விழுந்தது. தண்ணீர் எல்லாப் பக்கமும் பீய்ச்சியடித்ததில் கொஞ்ச நேரம் அவனை யாருக்கும் தெரியவில்லை. மாமா இறங்கி வந்து குழாயைத் தனியாகத் தூக்கப் பார்த்தார். ஆறு பேர் சேர்ந்துதான் தூக்கினோம். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அதன்பிறகு வண்டியை அளந்தார்கள். பாரம் இறங்கியதும் ஸ்பிரிங் நிமிர்ந்து, அரைச் சாண் உயர்ந்து நிற்கிறது. அக்கா, இது எனக்குத் தெரியாது. பாரத்தோடு அளக்கச் சொன்னவன் நான். இறக்கிய பிறகு வண்டி வெளியே போக வேண்டும் என்பதை நான் நினைக்கவே இல்லை.

நீ என் முகத்தில் விழிக்கமாட்டாய் என்று பயந்துதான் அவன் உடலோடு ஊருக்கு வரவில்லை. என்னை மன்னித்துவிடு. முடியாவிட்டால் திட்டியாவது இரண்டு வரி எழுது.

தம்பி

*

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வரவில்லை. மாமா சாப்பிடுகிறாரா? நீ?

விசாரணையில் முதலில் டிரைவரின் கவனக்குறைவு என்றுதான் எழுதினார்கள். நான் போய், உயரத்தைக் குறைத்து வரைந்தவன் நான்தான், பாரம் ஏற்றிய அளவை வைத்து வரைந்தேன், திரும்பும் இடத்தையும் பிறகு அடைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். ஆபீசில் மறுநாளே கணக்கைத் தீர்த்துவிட்டார்கள். போலீஸ் வாங்கி வைத்திருந்த மாமாவின் லைசன்ஸ் திரும்பிவந்திருக்கும். இப்போது ஒரு மரக்கடையில் பில் போடுகிறேன். இது புகார் இல்லை, முகவரி மாறியதற்காக எழுதுகிறேன்.

கீழ்த்தளத்தை மூடிவிட்டார்கள். லாரிகள் எல்லாம் தெருவில் நின்றுதான் இறக்குகின்றன.

நீ ஒரு வார்த்தை எழுது அக்கா. அது எந்த வார்த்தையாக இருந்தாலும் சரி.

தம்பி

*

பிப்ரவரி 22

மாப்பிள்ளைக்கு, மாமா சொல்லச் சொல்ல லாரி ஆபீஸ் கணக்குப்பிள்ளை எழுதுவது.

நான் நல்லா இல்ல. நீ நல்லா இருக்கியான்னு கேக்கவும் தோணல. இவர்கிட்ட வந்து எழுதச் சொல்றேன், ஏன்னா உங்க அக்கா முன்னால உன்ன ஏச முடியாது. உன் பேச்சை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போயிடறா. அவ சரியா சாப்பிட்டு ரெண்டு மாசமாச்சு. சின்னவன் தட்டை எடுத்துத் தொடச்சுத் தொடச்சு வைக்கறா. பெத்த பிள்ளை மாதிரி வளத்தவ.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. அளவு சொல்லும்போது நான் என்ன சொன்னேன்? "வண்டியும் எங்க மாப்பிள்ளை மாதிரிதான். வயிறு நெறஞ்சா அடங்கி உக்காரும். வயிறு காலியாச்சுன்னா அரைச் சாண் எம்பிக் குதிக்கும். ரெண்டுக்கும் எடம் விட்டு வரையச் சொல்லு"ன்னு சொன்னேனா இல்லையா? சிரிச்சுக்கிட்டுதான் சொன்னேன். எனக்கு அப்படித்தான் பேச வரும். சின்னவனும் கூடச் சிரிச்சான்.

நீ அதைச் சேத்துத்தான் கட்டியிருப்பேன்னு நம்பினேன்டா. எந்தப் பாலத்துக்கு அடியிலயும் எறங்கிப் பாக்காம வண்டி எடுத்தவன் இல்ல நான். அன்னிக்கு எறங்கல. மாப்பிள்ளை வரைஞ்சதுன்னு எறங்கல.

உங்க அக்காகிட்ட கேட்டேன், அதை எழுதினியான்னு. எழுதினேன்னு சொன்னா. அப்ப நீ படிச்சிருக்க. படிச்சுட்டுக் கேலின்னு தூக்கிப் போட்டியா? எனக்கு அது தெரியணும். என் தம்பி எதுனால போனான்னு தெரியாம என்னால படுக்க முடியல.

கணக்குப்பிள்ளை நாளைக்கு வேற ஊர் ஆபீசுக்குப் போறார். பதிலை வீட்டுக்கே போடு. உங்க அக்காவே வாசிக்கட்டும், எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல.

*

மார்ச் 16

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

பணிந்து எழுதுவது. உங்கள் உடம்பும் அக்கா உடம்பும் தேற வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அக்கா எழுதியிருந்தாள். வயிறு நிறைந்தால் உட்காரும், காலியானால் அரைச் சாண் எம்பும், இரண்டுக்கும் இடம் விடு என்று நீங்கள் சொன்ன அத்தனையும் அவள் கடிதத்தில் இருந்தது. நான் படித்தேன். என்னைக் கேலி செய்கிறீர்கள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. கடிதத்தை அப்போதே கிழித்துப் போட்டேன். அளவை மட்டும் வேறு தாளில் குறித்துக்கொண்டேன். கேலிக்குள் விஷயம் இருக்கிறது என்று நின்று யோசிக்கும் புத்தி எனக்கு இல்லை. சின்னவன் போனதற்கு நான்தான் காரணம். நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொன்னீர்கள், அக்கா எழுத வேண்டியதை எழுதினாள். உங்கள் இருவர் மேலும் ஒரு குற்றமும் இல்லை.

தெரியாது என்று டிசம்பரில் எழுதினேனே, அது பயத்தில் சொன்ன பொய்.

அக்கா, இதை நீதான் வாசித்துக்கொண்டிருப்பாய். ஒரு வரியும் தாண்டாதே. மாமா முழுவதும் கேட்க வேண்டும். அப்புறம் உட்கார்ந்து சாப்பிடு.

உங்கள் மைத்துனன்

*

ஏப்ரல் 12

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கூடத்தில் அவர் எதிரில் உட்கார்ந்து வாசித்தேன். மறுபடி வாசி என்றார், வாசித்தேன். ஒரு வரியும் தாண்டவில்லை. வாசித்து முடித்ததும் அவர் என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னார்.

இப்போதும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுதி முடித்ததும் இதை லாரி ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் தபாலில் போடுவாராம். இதுவரை அவர் அப்படிச் செய்ததில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

அவர் சொல்வது இது:

"படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டேன்னு எழுதியிருக்க. போலீசு, கோர்ட்டுன்னு நான் போகமாட்டேன். ஆனா என் தம்பியைக் கொன்னவன் கையெழுத்து இனிமே இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. வந்தா பிரிக்காம அடுப்புல போடுவேன். எங்க சாவுக்கும் வராத. உனக்கு அக்கா கிடையாது. இவளுக்குத் தம்பி கிடையாது. எங்க ரெண்டு பேர் தம்பியும் ஒரே நாள்ல போயிட்டானுங்கன்னு நெனச்சுக்கறோம்."

கடைசி வரியை எழுதத் தயங்கினேன். எழுது என்றார். எழுதியிருக்கிறேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் விடவில்லை, நானாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

இன்று சாப்பிட்டேன்.

இப்படிக்கு,
லாரிக்காரர் மனைவி